தாங்கல்

2023 டிசம்பர் 4ஆம் தேதி இரவு, சேலையூரில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மிக்ஜாம் புயல் கரையைக் கடக்காமல் கடலுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. மின்சாரம் இல்லை. மொட்டைமாடிப் படிக்கட்டில் கூடியிருந்தவர்களில் ஒருவருடைய கைபேசியில் மட்டும் கொஞ்சம் சார்ஜ் மிச்சமிருந்தது. அதில் செய்தி ஓடியது. வெள்ளநீரைக் கடல் உள்வாங்கவில்லை, அதனால்தான் ஊருக்குள் தண்ணீர் வடியவில்லை என்றார்கள். கீழ்வீட்டு அக்கா அப்போது அரிசி மூட்டையை மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இழுத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நின்று, "எவ்ளோதான் வாங்கும் டீச்சர், அதுவும்? எல்லாத்தையும் அது தலையிலயே கொட்டுனா?" என்றார்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் பெண்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். அக்காவின் கேள்வி ஒரு பழைய அறிவியல் கேள்வி என்பது எனக்கு அந்த இருட்டிலேயே உறைத்தது. கடல் எவ்வளவு வாங்கும்? வெள்ளநீரைச் சொல்லவில்லை. நாம் எரித்த நிலக்கரி, பெட்ரோல், டீசலிலிருந்து எழும் கரியமில வாயுவைச் சொல்கிறேன். இந்தக் கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி வரை அறிஞர்கள் பலரும் வைத்திருந்த பதில், 'எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும்' என்பதுதான். அந்தப் பதில் எப்படி உடைந்தது, உடைத்த கைகளில் யாருடைய கைகள் இருந்தன என்பதே இந்தக் கட்டுரை.

முதலில் எங்கள் ஊர்த் தண்ணீர் கடலுக்குப் போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். கிழக்குத் தாம்பரம் பக்கம் பெய்யும் மழை சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளில் நிறைந்து, நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஏரிக்கு ஏரி வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய். பிறகு தெற்கே கோவளம் முகத்துவாரம். அதற்கப்புறம் வங்கக் கடல். ஒரு காலத்தில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த அந்தச் சதுப்பில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் பத்தில் ஒரு பங்கு. 2022இல் அதற்கு ராம்சர் தகுதி கிடைத்தது. பக்கத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடு. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பேருந்தில் போகிறவர்கள், அதே சதுப்பையொட்டி தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பெயர்ப்பலகையையும் பார்த்திருப்பார்கள். 1993இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது.

இந்தப் பகுதியில் சின்ன ஏரிக்குத் 'தாங்கல்' என்று பெயர். பழவந்தாங்கல் ரயில் நிலையத்தைத் தாண்டித்தான் தாம்பரம் வண்டி வரவேண்டும். ஐயப்பன்தாங்கல், வேடந்தாங்கல் எல்லாம் இந்த வகைதான். மழைநீரைத் தாங்கி நிறுத்துவது தாங்கல். தமிழ்வழி வேதியியல் பாடநூலிலும் இந்தச் சொல் இருக்கிறது. அமிலமோ காரமோ கொஞ்சம் சேர்ந்தாலும் தன் நிலையை எளிதில் மாற்றிக்கொள்ளாத கரைசலுக்குத் 'தாங்கல் கரைசல்' என்று பெயர். கடல் நீர் ஒரு தாங்கல் கரைசல். பாடம் நடத்தும்போது, பழவந்தாங்கலிலிருந்து வரும் பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்ததனால் மறக்கவும் மாட்டார்கள்.

கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பதைச் சோதனை செய்து எழுதிய முதல் ஆளாக இன்று நாம் அறிவது யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்ணை. கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி, வெப்பமானி செருகி, வெயிலில் வைத்துப் பார்த்தார். 1856இல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கக் கூட்டத்தில் அவருடைய கட்டுரையை வாசித்தவர் ஜோசப் ஹென்றி என்ற ஆண். 1848இல் செனெகா ஃபால்ஸில் பெண்ணுரிமைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஃபுட்டும் ஒருவர். மூன்று வருடம் கழித்து ஜான் டிண்டல் இன்னும் நுட்பமான கருவிகளுடன் அளந்தார். பெயர் அவருக்குப் போனது. 2011இல் ஓய்வுபெற்ற பெட்ரோலிய நிலவியலாளர் ஒருவர் பழைய ஆண்டறிக்கை ஒன்றில் தற்செயலாகக் கண்டெடுக்கும் வரை ஃபுட் காணாமல்போனவராகவே இருந்தார். இதைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் நகர்கிறேன்.

ஏனென்றால் காற்றைப் பற்றிய கதை ஓரளவு மீட்கப்பட்டுவிட்டது. கடலைப் பற்றியது அந்த அளவுக்கு இல்லை. 1896இல் ஸ்வீடன் வேதியியலாளர் ஸ்வாந்தே அர்ரேனியஸ், கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டார். ஆனால் அவருக்குக் கவலை இல்லை. எரிப்பதில் ஆறில் ஐந்து பங்கைக் கடல் எடுத்துக்கொள்ளும் என்று 1908இல் எழுதிய நூலில் சொன்னார். 1938இல் கை காலண்டர் என்ற ஆங்கிலேய நீராவிப் பொறியாளர், எரித்ததில் பெரும்பகுதி காற்றிலேயே தங்கிவிட்டது, பூமி ஏற்கெனவே சூடாகிறது என்று லண்டனில் அறிஞர்கள் முன்னால் வாதிட்டபோது யாரும் பெரிதாக மதிக்கவில்லை. கடல் காற்றைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேல் கார்பனை வைத்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் வந்தால் அதற்கு என்ன? இதுதான் பொது நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்குப் பின்னால் கடல்நீரை அளந்த கணக்கு பெரிதாக எதுவும் இல்லை. பெரிய உடம்பு, எதையும் பொறுத்துக்கொள்ளும் என்ற எண்ணம்தான் இருந்தது.

கட்சுகோ சருஹாஷி 1920இல் டோக்கியோவில் பிறந்தவர். சிறுமியாகப் பள்ளி ஜன்னலில் வழியும் மழைத்துளியைப் பார்த்து, மழை ஏன் பெய்கிறது என்று யோசித்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெண்களுக்கான அறிவியல் கல்லூரியில் 1943இல் பட்டம் பெற்றார். போர்க்காலம் அது. யசுவோ மியாகே என்ற புவிவேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1950 வாக்கில், கடல்நீரில் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறது என்று அளக்கும் வேலையை மியாகே அவரிடம் கொடுத்தார். அன்று அது யாரும் போட்டிபோடாத வேலை. அளப்பதற்கான முறைகளையே அவர் உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த வேலை ஏன் கடினம் என்பதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். சோடா பாட்டிலில் வாயு கரைந்திருப்பதுபோல் கடலில் கரைந்திருக்கவில்லை. கடலுக்குள் இறங்கும் கரியமில வாயு தண்ணீருடன் சேர்ந்து கார்பானிக் அமிலம் ஆகிறது. அது பிரிந்து பைகார்பனேட், கார்பனேட் என்று வேறு வேறு உருவம் எடுக்கிறது. கடலில் கரைந்திருக்கும் கனிமக் கார்பனில் சுமார் 90 சதவீதம் பைகார்பனேட். 9 சதவீதம்போலக் கார்பனேட். வாயுவாக, அதாவது மீண்டும் காற்றுக்குத் திரும்பக்கூடிய நிலையில், ஒரு சதவீதம்தான். இந்தப் பங்கீடு நீரின் வெப்பம், உப்பு, அமிலத்தன்மை மூன்றையும் பொறுத்து மாறும். அதனால் ஒரு குடுவைக் கடல்நீரைக் கையில் வைத்துக்கொண்டு 'இதில் இவ்வளவு' என்று சொல்ல வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் நீண்ட கணக்குப் போட வேண்டும். சருஹாஷி அந்தக் கணக்கையெல்லாம் போட்டு ஓர் அட்டவணையாக 1955இல் வெளியிட்டார். நீரின் வெப்பநிலை, குளோரின் அளவு, பிஎச் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். அட்டவணையில் கார்பனின் ஒவ்வொரு உருவமும் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம். 'சருஹாஷி அட்டவணை' என்று அதற்குப் பெயரே நின்றுவிட்டது. கணினி வந்து அந்த வேலையை எடுத்துக்கொள்ளும் வரை பல பத்தாண்டுகள் கடல் ஆய்வாளர்கள் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஓர் அட்டவணை. அதை வரலாறு என்று யாரும் நினைப்பதில்லை. லாகரிதம் புத்தகத்தைப் பள்ளியில் நாங்கள் எத்தனை வருடம் புரட்டினோம், அதன் எண்களை உட்கார்ந்து கணக்கிட்டவர் யார் என்று கேட்டதுண்டா? திரும்பத் திரும்ப அளப்பது, சரிபார்ப்பது, நிரலில் எழுதுவது எல்லாம் 'பொறுமையான வேலை' என்று பெண்களிடம் தள்ளப்பட்டு, முடிந்ததும் கருவிபோல் ஆகிவிடும். சருஹாஷியின் பெயர் அட்டவணையோடு ஒட்டிக்கொண்டதே அபூர்வம்தான்.

அடுத்து நடந்ததும் கடல் சம்பந்தப்பட்டதே. 1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பிகினித் தீவில் ஹைட்ரஜன் குண்டு வெடித்தது. தூரத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் 23 பேர் மீது கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. குண்டு போட்டவர்கள் சொன்னதும் அதேதான்: கடல் பெரியது, கரைத்துவிடும். மியாகேயும் சருஹாஷியும் கடல்நீரில் கதிரியக்கச் சீசியத்தை அளந்தார்கள். ஜப்பான் பக்கத்துக் கடலில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. அமெரிக்கர்கள் நம்பவில்லை, அளவையில் பிழை என்றார்கள். 1962இல் சருஹாஷி கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்துக்கே போனார். அங்கே தியடோர் ஃபோல்சம் என்பவரின் முறையோடு தன் முறையை ஒப்பிட்டு, ஒரே நீரை இருவரும் அளக்கச் சம்மதித்தார். எண்கள் ஒத்துப்போயின. அடுத்த ஆண்டு காற்றிலும் கடலிலும் அணுகுண்டுச் சோதனையைத் தடுக்கும் ஒப்பந்தம் வந்தது. அவருடைய எண்களால்தான் வந்தது என்று சொல்வது மிகை. ஆனால் 'கடல் கரைத்துவிடும்' என்ற வாயை அடைத்ததில் அந்த எண்களுக்குப் பங்கு உண்டு. பிற்பாடு அதே அணுகுண்டுக் கதிரியக்கத்தைத் தடம்பிடித்துத்தான், மேல்நீர் எவ்வளவு மெதுவாக ஆழத்துக்கு இறங்குகிறது என்பதையும் ஆய்வாளர்கள் கற்றார்கள்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்; அது 1957இல். அதற்கு அடுத்த ஆண்டே ஜப்பானியப் பெண் அறிவியலாளர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1981 முதல் இளம் பெண் ஆய்வாளர்களுக்கு அவர் பெயரில் பரிசு கொடுக்கப்படுகிறது.

அவர் முனைவர் பட்டம் பெற்ற அதே 1957இல்தான் ஸ்கிரிப்ஸில் ராஜர் ரெவலும் ஹான்ஸ் ஸ்யூஸும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காற்றிலிருக்கும் ஒரு கரியமில வாயு மூலக்கூறு பத்து வருடம்போலக் காற்றில் இருந்துவிட்டுக் கடலுக்குள் போய்விடுகிறது என்று கணக்கிட்டார்கள். அப்படியானால் பழைய நம்பிக்கை சரியா? இல்லை. கடல்நீரின் தாங்கல் வேதியியல் காரணமாக, உள்ளே போனதில் பெரும்பங்கு மீண்டும் வெளியே வந்துவிடும் என்று ரெவல் கடைசி நேரத்தில் ஒரு பத்தி சேர்த்தார். அதன் முழுப் பொருளை 1959இல் பெர்ட் போலின், எரிக் எரிக்சன் என்ற இருவர் தெளிவாக எழுதினார்கள். காற்றில் கரியமில வாயு 10 சதவீதம் ஏறினால், கடலின் மேல்நீரில் மொத்தக் கார்பன் ஒரு சதவீதம்போலத்தான் ஏறும். இதற்கு இன்று 'ரெவல் காரணி' என்று பெயர். காரணிக்கு ஆண் பெயர், அட்டவணைக்குப் பெண் பெயர். இருக்கட்டும்.

இதை நான் வகுப்பில் ஒரே ஒரு சோதனையால் காட்டுவேன். நீங்களும் செய்திருப்பீர்கள். தெளிந்த சுண்ணாம்பு நீரை ஒரு சோதனைக்குழாயில் எடுத்து, குளிர்பான உறிஞ்சுகுழாயால் மூச்சை ஊதினால் பால்போல் வெளுக்கும். மூச்சிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்புடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. பரீட்சைக்கு இவ்வளவு போதும்; பெரும்பாலான பள்ளிகளில் இங்கேயே குழாயைக் கழுவிவிடுவார்கள். நான், "நிறுத்தாதீங்க, ஊதிக்கிட்டே இருங்க" என்பேன். இரண்டு மூன்று நிமிடம் ஊதினால் பிள்ளைகளுக்குத் தலை கிறுகிறுக்கும். அப்போது வெண்மை மெல்லக் கரைந்து தண்ணீர் மறுபடியும் தெளிந்துவிடும். கூடுதல் கரியமில வாயு கார்பனேட்டைப் பைகார்பனேட்டாக மாற்றிக் கரைத்துவிடுகிறது. முதல் மூச்சைத் தாங்கியது எதுவோ, அதையே அடுத்த மூச்சு தின்றுவிட்டது.

கடலிலும் அதுதான். உள்ளே வரும் வாயுவை அடக்கிவைப்பது கார்பனேட். அடக்கும் ஒவ்வொரு முறையும் கார்பனேட் குறைகிறது. ஆகவே வாங்க வாங்க, வாங்கும் திறன் குறையும். கார்பனேட் குறைந்தால் சிப்பியும் கிளிஞ்சலும் பவளமும் ஓடு கட்டுவது கடினமாகும். வங்கக் கடலின் மேல்நீரில் கிளிஞ்சல் இன்றே கரைந்து போய்விடாது; அப்படிப் பயமுறுத்துவது தவறு. கட்டுவதற்கு அதிக உழைப்புத் தேவைப்படுகிறது என்பதுதான் சரி. வெற்றிலைக்குத் தடவிய, சுவருக்குப் பூசிய கிளிஞ்சல் சுண்ணாம்பு முழுவதும் அந்த ஓடுகளின் உழைப்பு.

எண்களைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு கரியமில வாயு. சார்லஸ் கீலிங் 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. ஆண்டுதோறும் நாம் வெளியேற்றுவதில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் எடுத்துக்கொள்கிறது. 1990களில் பல நாட்டுக் கப்பல்கள் உலகக் கடல்களில் எடுத்த மாதிரிகளை வைத்து, 1800 முதல் 1994 வரை கடல் 118 பில்லியன் டன் கார்பனை வாங்கியிருக்கிறது என்று 2004இல் கணக்கு வந்தது. மேல்நீரின் பிஎச் சுமார் 8.2லிருந்து 8.1க்கு இறங்கியிருக்கிறது. 0.1 என்பது அற்பமாகத் தெரியும். பிஎச் லாகரிதம் அளவை என்பதால், அமிலத்தன்மை கால் பங்குக்கும் மேல் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

மாதிரி எடுத்த கப்பல்கள் என்றேன். கப்பலில் ஏறியவர்கள் யார்? கடலடித் தரையின் வரைபடத்தை உருவாக்கிய மேரி தார்ப், ஆண்கள் கொண்டுவந்த எண்களை வைத்துக் கரையில் உட்கார்ந்தே வரைந்தார். அவர் ஆய்வுக்கப்பலில் கால்வைத்தது 1960களின் கடைசியில்தான். இங்கேயும் அதேதான். 1980களில் நான் முதுகலை படித்தபோது, கடல்நீர் மாதிரி எடுக்கப் படகில் போகும் பயிற்சி ஒன்று இருந்தது. மாணவிகளை அனுப்ப முடியாது என்றுவிட்டார்கள். படகில் கழிப்பறை இல்லையாம். பையன்கள் வாந்தியெடுத்துக்கொண்டே கொண்டுவந்த குப்பிகளை ஆய்வுக்கூடத்தில் வரிசையாக வைத்து, பியூரெட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு, பினாப்தலீனின் இளஞ்சிவப்பு மறையும் நொடிக்காகக் காத்திருந்தது நாங்கள். குப்பியின் மேல் சீட்டில் மாதிரி எடுத்தவர் பெயர் இருக்கும். அளந்தவர் பெயருக்கு இடம் இல்லை.

அதற்கும் முன்னால் அன்னா மணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் ராமனின் ஆய்வுக்கூடத்தில் ஐந்து கட்டுரைகளைத் தனியாகவே எழுதியவர். முதுகலைப் பட்டம் இல்லை என்று மதராஸ் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. அவர் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, நாடு முழுவதும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை 1957–58 சர்வதேசப் புவியியற்பியல் ஆண்டில் நிறுவினார். கீலிங்கின் மௌனா லோவா நிலையமும் அதே சர்வதேச முயற்சியின் பகுதிதான். தான் பெண் என்பது தன் வேலைக்கு ஒரு பொருட்டாக இருந்ததில்லை என்று அன்னா மணி பிற்காலத்தில் சொன்னார். எனக்கு அதை நம்ப முடியவில்லை. ஆனால் சொல்லும் உரிமை அவருடையது.

இந்தியப் பெருங்கடலை முறையாக அளக்கும் வேலை 1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக 1966 ஜனவரி 1 அன்று தேசியக் கடலியல் நிறுவனம் உருவாகி, கோவாவில் நிலைகொண்டது. அங்கே வேலை செய்த அதிதி பந்த், கடலில் மிதக்கும் நுண்பாசிகளின் ஒளிச்சேர்க்கையை ஆராய்ந்தவர். 1983இல் கிளம்பிய மூன்றாம் இந்திய அண்டார்டிகா பயணத்தில் அவரும் நிலவியலாளர் சுதிப்தா சென்குப்தாவும் அந்தக் கண்டத்தில் கால்வைத்த முதல் இந்தியப் பெண்கள். நுண்பாசிகள் மேல்நீரில் கார்பனைத் தின்று, செத்து, அல்லது தின்னப்பட்டு, ஒரு சிறு பங்கை ஆழத்துக்கு இறக்குகின்றன. சுண்ணாம்புக் கணக்கு ஒரு வழி என்றால் இது இன்னொரு வழி.

1990களில் இந்திய ஆய்வாளர்கள் அரபிக் கடலில் பருவம் பருவமாக அளந்தபோது, அந்தக் கடல் கரியமில வாயுவை வாங்குவதைவிட வெளிவிடுவதே அதிகம் என்று தெரிந்தது. தென்மேற்குப் பருவக்காற்று ஆழத்துக் குளிர்ந்த நீரை மேலே இழுத்துவருகிறது. ஆழத்தில் சேர்ந்திருந்த வாயுவும் அதனுடன் வந்து காற்றில் கலக்கிறது. எங்கள் வங்கக் கடல் வேறு மாதிரி. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் உப்புநீரின் மேல் மூடிபோல் படிந்துவிடும். மேலும் கீழும் எளிதில் கலப்பதில்லை. சில பருவத்தில், சில பகுதியில் வாங்கும். வேறு இடத்தில் கொடுக்கும். ஆகவே 'கடல்' என்று ஒருமையில் பேசுவதே பிழை. கடலுக்குக் கடல், பருவத்துக்குப் பருவம் போய் அளந்தால்தான் தெரியும். அளக்க வேண்டியதை அனுமானித்துவிடுவதுதான் இந்த வரலாறு முழுவதும் நடந்த தவறு.

அளந்த பிறகும் ஒரு சபலம் விடவில்லை. கடல் போதுமான அளவு வாங்கவில்லை என்றால், அதை இன்னும் வாங்கவைக்கலாமே? 2009 ஜனவரியில் நம் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து தென்பெருங்கடலில் 'லோஹாஃபெக்ஸ்' என்ற சோதனையைச் செய்தன. லோஹா என்றால் இந்தியில் இரும்பு. இரும்புச்சத்துக் குறைந்த கடலில் இரும்பு சல்பேட்டைக் கரைத்துவிட்டால் நுண்பாசி பெருகும், கார்பனை ஆழத்துக்கு இழுத்துப்போகும் என்பது யோசனை. சூழலியல் அமைப்புகள் எதிர்த்தன. ஜெர்மன் அரசுக்குள்ளேயே தகராறு வந்து, கப்பல் சில நாள் காத்திருக்க நேர்ந்தது. பிறகு அனுமதி கிடைத்து, சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பைக் கரைத்தார்கள். பாசி பெருகத்தான் செய்தது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா போதாததால் கனமான ஓடுள்ள பாசி வளரவில்லை. வளர்ந்ததை மிதவை உயிர்கள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்கு இறங்கிய கார்பன் மிகக் குறைவு. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதை ஒளிக்காமல் வெளியிட்டதற்காக அந்த ஆய்வாளர்களை நான் மதிக்கிறேன். சோதனை வேறு, அதை வைத்து வியாபாரம் செய்யக் காத்திருந்தவர்கள் வேறு. கடலை இன்னும் வாங்கவைக்கும் யோசனைகள் இன்றும் புதுப்புது வடிவத்தில் வருகின்றன. எரிப்பதைக் குறைக்க வேண்டியவர்கள் அவற்றை ஆவலோடு கேட்கிறார்கள்.

தாங்குதல் என்ற சொல்லுக்குத் திரும்புகிறேன். குறளில் பொறையுடைமை அதிகாரம், தன்னைத் தோண்டுகிறவனையும் தாங்குகிற நிலத்தை உவமையாகக் காட்டித் தொடங்கும். வள்ளுவர் அதைப் பெண்ணுக்கென்று தனியாகச் சொல்லவில்லை. பூமாதேவிபோல் பொறுமையாக இரு என்று நமக்கு மட்டும் அதை ஒதுக்கிவைத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். கடலன்னை என்று கும்பிடுவதிலும் எனக்குச் சங்கடம் உண்டு. 2004 டிசம்பருக்குப் பிறகு அதே வாய்கள் அன்னைக்குக் கோபம் வந்துவிட்டது என்றன. பொறுமை, கோபம், இரண்டுக்கும் நடுவே அவளைப் பற்றி வேறு எதுவும் தெரிந்துகொள்ள யாருக்கும் விருப்பமில்லை. கார்பனேட் குறைந்தால் தாங்கல் திறன் குறையும் என்ற கணக்கில் அன்னையும் இல்லை, கோபமும் இல்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

'மனிதச் செயல்பாடு' என்று அறிக்கைகளில் வருவதையும் நான் அப்படியே விழுங்குவதில்லை. எந்த மனிதர்? பழவேற்காட்டிலும் முட்டுக்காட்டிலும் உப்பங்கழியில் இடுப்பளவு நீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்த பறியில் போடுகிற இருளர் பெண்ணும் மனிதர்தான். ஜி.எஸ்.டி. சாலையில் தனியாளாகக் காரில் போகிறவரும் மனிதர்தான். கடல் வாங்கிய கார்பனில் யாருடையது எவ்வளவு என்று வாயு சொல்லாது. கழியின் நீர் மாறினால் முதலில் தெரிவது யாருடைய விரல்களுக்கு என்பது மட்டும் தெரியும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், சுண்ணாம்பு நீர் தெளிந்துபோனதைப் பார்த்த ஒரு மாணவி, "மிஸ், இப்ப ஊதுறத நிறுத்திட்டா திரும்ப வெள்ளையாகுமா?" என்று கேட்டாள். சூடுபண்ணிப் பார் என்றேன். ஸ்பிரிட் விளக்கில் குழாயைக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் குமிழ்கள் எழுந்து, தண்ணீர் மறுபடியும் கலங்கியது. பிடித்துவைத்திருந்த வாயு வெளியே போய்க்கொண்டிருந்தது. கடலுக்கும் அப்படியா என்றாள். நீர் சூடானால் வாயுவைப் பிடித்துவைக்கும் சக்தி குறையும், அந்த அளவுக்கு ஆமாம் என்றேன். நாம் எரிப்பதை நிறுத்திக் காற்றில் வாயு குறையத் தொடங்கினால், கடல் தான் வாங்கியதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். மீதியைக் கடலடிச் சுண்ணாம்பு மெல்ல மெல்லக் கரைந்து ஈடுகட்டும். அதற்கு எத்தனை வருடம் என்று கேட்டாள். ஆயிரக்கணக்கில் என்றேன். அவள் குழாயைக் கழுவாமல் தாங்கியில் அப்படியே நிறுத்திவைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் பார்த்தபோது அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் படிந்திருந்தது.